டாக்டரம்மாவுக்கு வந்த சாமி

தலையில் ஒட்டுகிற அந்த வெள்ளைப் பசையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டரம்மாவின் முடிதான் நினைவுக்கு வருகிறது. நான் ஈஈஜி எடுப்பவள். மூளையில் ஓடுகிற சன்னமான மின்சாரத்தைக் கம்பிகள் வழியாக வாங்கித் திரையில் கோடுகளாக ஓடவிடும் பரிசோதனை அது. கம்பி நுனிகள் தலையில் நிற்க வேண்டுமானால் இந்தப் பசை வேண்டும். எண்ணெய்த் தலையில் பசை பிடிக்காது. முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்வோம், வழிய வழிய வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஓர் ஆடி மாத மத்தியானம், நோயாளிகள் எல்லாம் போன பிறகு, டாக்டரம்மா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். "எனக்கு ஒட்டு" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வந்திருந்தார்.

கள்ளக்குறிச்சியில் நான் அப்போது வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் நரம்பியல் டாக்டர். மணலூர்பேட்டைப் பக்கம் பெண்ணையாற்றங்கரையில் கரும்பும் நெல்லும் பயிரிடுகிற குடும்பம். எத்தனை பெரிய படிப்புப் படித்தும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் அறையில் திட்டினால் மருந்துக்கடை வரைக்கும் கேட்கும். அதிகம் திட்டு வாங்குகிறவர்கள், வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள். "சாவி இன்னாத்துக்கு? பூட்டத் தொறக்கவா? ஒருக்களிச்சுப் படுக்க வை, பக்கத்துல முட்டற சாமான நகத்து, அவ்ளோதான்!" என்பார். கழுத்தில் சூடு போட்டுக் கூட்டி வந்தால் அன்றைக்கு அந்த வீட்டு ஆண்களுக்குக் கிடைக்கிற அர்ச்சனை தனி. ஆனால் யாராவது தயங்கித் தயங்கி, கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம் என்றால் மட்டும் சத்தம் போடமாட்டார். "கட்டிக்க, வேணாங்கல. மாத்திரையும் குடு" என்பதோடு சரி. மற்ற டாக்டர்கள் அந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அது ஒரு வீடியோவில் தெரிந்தது. ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊர் மாரியம்மன் கோயிலில் யாரோ போனில் பிடித்தது. தண்ணீர் சொட்டுகிற மஞ்சள் புடவை, அவிழ்ந்த தலைமுடி, கையில் வேப்பிலைக் கொத்து. இரண்டு பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் டாக்டரம்மா பம்பை மேளச் சத்தத்துக்குத் துள்ளித் துள்ளி ஆடுகிறார். எதிரே கும்பிட்டு நிற்கும் ஒரு கிழவரைப் பார்த்து, நான் ஒருநாளும் கேட்டிராத குரலில், "என்னை மறந்துட்டு வூடு கட்டறியா?" என்று அதட்டுகிறார். கள்ளக்குறிச்சி மூளை டாக்டருக்கு மூளைக் கோளாறு என்று எவனோ ஒரு புத்திசாலி தலைப்புப் போட்டு அனுப்பியிருந்தான். திங்கட்கிழமை காலையில் அது ஆஸ்பத்திரியில் எல்லோருடைய போனிலும் இருந்தது. டாக்டரம்மா வழக்கம்போல முதல் ஆளாக வந்து உட்கார்ந்து நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் ஆஸ்பத்திரி பெயருக்கு ஏதாவது என்றால் பதறிவிடுவார். அன்று மத்தியானமே டாக்டரம்மாவின் அறைக்கு வந்துவிட்டார். நான் பரிசோதனைத் தாள்களோடு அங்கேதான் நின்றிருந்தேன். "விரதம் இருந்தேன், சுகர் இறங்கி மயக்கம் வந்துடுச்சுன்னு ஒரு சின்ன வீடியோ பேசிக் குடுத்துடுங்க மேடம். நாங்க போட்டுடறோம், முடிஞ்சு போயிடும்" என்றார். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்குச் சுகரே இல்லியே சார். சாமி வந்துச்சு. காலேஜ் படிக்கிறப்போலேருந்து ஆடியில வருது, போயிடுது. அதனால ஒருநாளாவது ஓபிக்கு லேட்டா வந்திருக்கேனா?" என்று கேட்டார். "படிச்சவங்க நீங்களே இப்பிடிப் பேசலாமா மேடம்?" என்றார் மேனேஜர். "படிச்சதாலதான் பொய் சொல்ல மாட்டேங்கறேன். அடுத்த பேஷண்ட அனுப்புங்க."

அதோடு விட்டார்களா? கேன்டீனில் எலும்பு டாக்டர் ஒருவர், இது காதுக்கு மேலே இருக்கிற மூளைப் பகுதியில் வருகிற வலிப்பு, அது வந்தால் இப்படித்தான் பக்தி முற்றும் என்று டீ குடித்தபடி தீர்ப்பு எழுதிவிட்டார். கண்ணால் பரிசோதித்ததில்லை, ஒரு வார்த்தை கேட்டதில்லை, வீடியோவை வைத்து வியாதி. அது டாக்டரம்மாவின் காதுக்குப் போனது. மறுநாள் மத்தியானம்தான் அவர் என் அறைக்கு வந்து, எனக்கு ஒட்டு என்று படுத்தது.

ஒட்டினேன். கண்ணை மூடச் சொன்னேன், மூடினார். பின்மண்டையில் எழ வேண்டிய சீரான அலை அழகாக எழுந்தது. மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னேன், முகத்துக்கு நேரே விளக்கை விட்டு விட்டு எரியவிட்டேன். வலிப்புக்காரர்களின் கோடுகளில் எழுகிற கூரான முள் ஒன்றுகூட இல்லை. முடிந்தது என்று பசையைத் துடைக்கப் போனபோது, "இரு" என்று தன் போனை நீட்டினார். அவருடைய ஊர்க் கோயிலில் பதிந்த பம்பைச் சத்தம் அதில் இருந்தது. "இதப் போடு. ஆடுனா பயப்படாத. கீழ மட்டும் வுழாம பாத்துக்க."

போட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு கால் விரல்கள் அசைந்தன. மூச்சு வாய் வழியாக வந்தது. முகம் இறுகியது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியதும் என் வாய் தானாக 'இயேசுவே' என்றது. திரையில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மொத்தமும் கறுத்துப்போயிற்று. பயத்தில் போனை அணைத்துவிட்டேன். மெதுவாகத் திரும்பி வந்தார், தண்ணீர் கேட்டார், குடித்தார். பிறகு தலை முழுக்கப் பசையும் கம்பியுமாக எழுந்து உட்கார்ந்து, வேறு யாரோ ஒரு நோயாளியின் பதிவைப் பார்ப்பதைப் போலத் தன் கோடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"இங்க வரைக்கும்தான் என் மூளை. இதுக்கு அப்புறம் வர்றது இன்னா தெரியுமா? தாடை. பல்லக் கடிச்சிருக்கேன், கழுத்த வெடுக்குனு இழுத்திருக்கேன். சதை இழுக்கறதுதான் மிஷின்ல வந்திருக்கு. அம்மன் வந்தாளான்னு கேட்டா, தாடை வந்துச்சுன்னு சொல்லுது."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் கேட்கத் தைரியம் வந்தது. அந்த நேரத்தில் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். பசை காய்ந்து முடி விறைத்து நிற்க, அவர் நிதானமாகச் சொன்னார்: "காது கேக்கும். எதிர்ல யாரு நிக்கறாங்கன்னு தெரியும். ஆனா பேசறது நான்னு தோணாது. வாயி பேசிக்கினு இருக்கும், நான் ஓரமா நின்னு கேட்டுக்கினு இருப்பேன். சில தபா அந்த ஓரத்துலகூட இருக்க மாட்டேன். நாம எது பண்ணாலும் 'இத நான் பண்றேன்'னு மூளை ஒரு முத்திரை குத்துது. அந்த முத்திரை குத்தற வேலை அப்போ கம்மி ஆயிடுது போல. போலன்னுதான் சொல்றேன், முழுசா யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் எப்பிடி வருதுன்னுதான் தெரியும். யாரு வர்றாங்கன்னு தெரியாது."

களமருதூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் பெரியம்மா அந்நிய பாஷை பேசுவார். கண் சொருகும், உடம்பு உதறும், யாருக்கும் புரியாத சொற்கள் மழை மாதிரிக் கொட்டும். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து மாவு கரைத்துத் தோசை சுடுவார். அவரை யாரும் கட்டிலில் படுக்கவைத்துக் கம்பி ஒட்டவில்லை. எங்கள் சபையில் அது ஆவியின் வரம், டாக்டரம்மாவின் ஊரில் நடந்தால் எங்கள் சபைக்கு அதுவே பிசாசு, ஆஸ்பத்திரி கேன்டீனில் வியாதி. இடத்துக்கு இடம் பெயர் மாறுகிறதே ஒழிய, ஆடுகிற உடம்பைக் கேட்டு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. இதை நான் எங்கள் போதகரிடமே ஒருமுறை சொன்னேன். எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பது மேனேஜருக்குத் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அப்படியானால் வியாதி இல்லை, கோயிலில் சும்மா ஆடியதுதான், அதையே சொல்லிவிடலாமே என்றார். அப்போதுதான் டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. கோபம் உச்சிக்குப் போனால் அவருக்குக் குரல் இறங்கும். "கோடு தப்பா இருந்தா நான் நோயாளி. கோடு சரியா இருந்தா நான் நடிகை. உங்க ரெண்டு பெஞ்சுலயும் நான் உக்கார மாட்டேன் சார்" என்றார். அந்த இடத்தில் எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை, வேலை முக்கியம். ஆனால் அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

இதெல்லாம் படித்தவர்களின் வாய்ச்சண்டை என்றால் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அதே ஆடியில், ஒரு புதன்கிழமை, கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற ஊர். மரவள்ளி போடுகிற குடும்பம். பள்ளியில் படிக்கிற அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் வெகுகாலமாக வலிப்பே வராமல் இருந்தவள். அன்று நெற்றியில் காயம், உதட்டு ஓரத்தில் காய்ந்த ரத்தம். ஆனால் அம்மாவின் முகத்தில் பயமே இல்லை, பெருமை இருந்தது. கையில் தட்டு, தட்டில் எலுமிச்சம்பழம், பூ, கற்பூரம். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் அந்தத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே வந்ததும் தட்டை மேசைமேல் வைத்துக் கும்பிட்டார். "மாத்திரைய நிறுத்திட்டங்க டாக்டரம்மா. உங்களுக்கே வருதுன்னு போன்ல பாத்தங்க. எம் பொண்ணுக்கு வர்றதும் அதாங்க. இத்தினி நாளா தெரியாம போச்சு."

டாக்டரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததில்லை. வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களை அவர் சட்டை செய்யவில்லை. இதுதான் அவரை அடித்தது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிரையே கொண்டுபோகலாம். அந்த அறையில் அது தெரியாத ஒரே ஆள் அந்த அம்மாதான். ஆனாலும் அவர் கத்தவில்லை. நாற்காலியை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வந்தப்போ யாரு வந்திருக்கறதுன்னு கேட்டியா?" என்றார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் சாமி வந்தவர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி அது. கற்பூரத்தைக் காட்டி, வந்திருப்பது யார் என்று கேட்பார்கள். வந்த சாமி தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாமி.

"கேட்டங்க. பேசல."

"பேரு சொல்லாதது எங்க ஊர்ல சாமி இல்லம்மா."

"எங்க ஊர்ல அப்பிடி இல்லீங்க. புதுசா வர்ற சாமிக்கு வாயி கட்டியிருக்கும். பூசை போட்டு வாய் தொறக்கணும். இத்தினி நாளா மாத்திரதான் வாயக் கட்டிப் போட்டிருந்துச்சுன்னு பூசாரி சொல்றாருங்க."

அவர் சொன்னதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. வாய் திறக்காத சாமி என்று ஒன்று அவர்களிடம் உண்டு. அதற்கு வாய் திறக்கிற பூசையும் உண்டு. வலிப்பில் பேச்சற்றுக் கிடந்த மகளை அந்தக் கணக்கில் கச்சிதமாகப் பொருத்திவிட்டார்கள். டாக்டரம்மா விடவில்லை. "எனக்குப் பம்பை அடிச்சாத்தான் வரும். இவளுக்கு அடுப்பாண்ட நிக்கறப்போ வருது, பஸ்ஸுல வருது. நாக்கப் பாரு, இவ கடிச்சு வெச்சிருக்கா. எந் நாக்கப் பாரு" என்று, ஐயோ, அந்தப் பெரிய டாக்டர் தன் நாக்கை நீட்டிக் காட்டினார். அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். அம்மா உற்றுப் பார்த்தார். பிறகு பணிவாக, ஆனால் அசையாமல் சொன்னார்: "நீங்க இப்போ டாக்டரா பேசறீங்க. அம்மனா சொல்லுங்க, கேட்டுக்கறங்க."

விஷயம் மேனேஜருக்குப் போய் அவர் ஓடி வந்தார். டாக்டரம்மாவை என் அறைக்குள் அழைத்துப் போய், "ரெண்டு நிமிஷம் ஆடிடுங்க மேடம். மாத்திர குடுன்னு சொல்லிடுங்க. ஒரு புள்ளையோட உசுரு" என்று கையைக் கூப்பினார். ஒரு வாரத்துக்கு முன்பு சாமி வரவே இல்லை என்று சொல்லச் சொன்ன அதே மனிதர். எனக்கும் அவர் சொல்வது சரியென்றுதான் பட்டது. "குழந்தைக்காகத்தானே டாக்டர்" என்றேன்.

"வந்தத வரலன்னும் சொல்ல மாட்டேன், வராதத வந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "ஒரு தபா நடிச்சுட்டேன்னா அப்புறம் எது வந்தது, எது நான் பண்ணதுன்னு எனக்கே தெரியாம பூடும்மா" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

அந்த அம்மாவிடம் அவர் பேசிய பேரம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல கூழ் ஊத்தறாங்க. புள்ளையக் கூட்டிக்கினு வா. பம்பை அடிப்பாங்க. வந்தா, அம்மனையே கேட்டுக்க. ஆனா ஒண்ணு. உத்தரவு கேக்காம நீயா நிறுத்தினது தப்பு. உத்தரவு வர்ற வரைக்கும் மாத்திர குடுக்கணும்." மருத்துவம் சொன்னபோது அசையாத அந்த அம்மா, உத்தரவு கேட்காமல் செய்தாய் என்றதும் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகளை இரண்டு நாள் வார்டில் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார். மாத்திரை உள்ளே போயிற்று.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு நான் கேட்டேன். அன்றைக்கு மாத்திரையை நிறுத்து என்று உத்தரவு வந்துவிட்டால்?

"தெரியல."

"உங்க வாய்தானே டாக்டர்?"

"அப்போ அது என் வாயி இல்லன்னுதானே இத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கேன்" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. அந்த இரண்டு வாரமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். கோயிலுக்குப் போகாமலேயே இருந்திருக்கலாம். மேனேஜரும் அதைத்தான் முடிவாகச் சொன்னார்: அந்த ஞாயிறு கோயிலுக்குப் போனால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். "வர சொல்லிட்டேன் சார், அந்தம்மா மலையிலேருந்து வருவாங்க" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் பதில்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் நான் மணலூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கே சரியாகத் தெரியாது. அவர் தனியாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. கோயில் முன்னால் பெரிய பெரிய அண்டாக்களில் கூழ். உச்சி வெயில். அவருடைய அண்ணன் கையில் அவருடைய மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாமல், மஞ்சள் புடவையில் டாக்டரம்மா ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் சாமியைப் பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் வீடியோவில் வந்த டாக்டரைப் பார்க்க வந்தவர்கள். கைகள் கும்பிட்டதைவிடப் போனைத் தூக்கியதுதான் ஜாஸ்தி. எனக்கு அத்தனை போன்களையும் பிடுங்கி அண்டாவுக்குள் போட ஆத்திரம் வந்தது.

பம்பை ஏறியது. குடத்துத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார்கள். வராமல் போகட்டும் என்று என் ஆண்டவரிடம் ஜெபித்தேன். வந்தது. என் அறைக் கட்டிலில் பார்த்தது இதில் கால்வாசிகூட இல்லை. ஆடி ஓய்ந்து நின்றபோது யாரென்று கேட்டார்கள். மாரி என்று அந்தக் குரல் சொன்னது. ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மலையிலிருந்து வந்த அம்மா மகளை முன்னால் தள்ளினார். "தாயே, எம் பொண்ணுக்கு வர்றது நீதானா? மாத்திரைய நிறுத்தலாமா, நீயே உத்தரவு குடு."

பம்பைக்காரர் கையை நிறுத்தினார். டாக்டரம்மா அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்தார். கண்கள் அவளைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. உடம்பு முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அந்தக் குரல், கோயில் முழுக்கக் கேட்கும்படி, எரிச்சலோடு வந்தது.

"அதுக்குன்னுதான் ஒருத்தியப் படிக்க வெச்சு ஒக்கார வெச்சிருக்கேன்ல? என்னை இன்னாத்துக்குடி கேக்கற? அவளப் போய்க் கேளு!"

அது யார் பேசியது என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். உள்ளுக்குள்ளே இருந்த டாக்டர்தான் பேசினார் என்று சிலர் கண் சிமிட்டுகிறார்கள். நான் எடுத்த கோடுகளைப் பார்த்தால் தெரியுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. தெரியாது, தாடைதான் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். மேனேஜர் சொன்னபடியே செய்தார். திங்கட்கிழமை டாக்டரம்மாவின் அறைக்கு வேறு பூட்டுப் போட்டிருந்தது. இப்போது அவர் கச்சிராயபாளையத்தில், மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு பார்க்கிற மாதிரி, ஒரு வாடகை இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நானும் அங்கேதான் தலைகளில் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஆடி வந்தால் ஒரு ஞாயிறு கதவு சாத்தியிருக்கும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, டாக்டருக்கு சாமி வருகிற நாள் என்று நானே சத்தமாகச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு ஆட்டம் இறங்கி, வேப்பமர நிழலில் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். அண்ணன் கண்ணாடியைக் கொடுத்தார். போட்டுக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். என்ன உத்தரவு வந்தது என்று கேட்கப் பயந்தார். அதற்குள் அந்த அம்மா மகளோடு வந்து, தான் சற்றுமுன் தாயே என்று கூப்பிட்ட ஆளிடம் பேசுகிறோம் என்கிற நினைப்பே இல்லாமல், ஓபியில் நிற்பதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, அம்மன் உத்தரவு குடுத்துட்டாங்க."

"இன்னா சொன்னா?" டாக்டரம்மாவின் குரல் எழும்பவில்லை.

"உங்களக் கேக்கச் சொன்னாங்க."

அவர் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"காலையில மாத்திர போட்டாளா?"

"இல்லீங்க, உத்தரவு வரட்டும்னு..." என்று அந்த அம்மா இழுத்தபடியே முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை எடுத்தார். அந்தப் பெண் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கையிலிருந்த கூழ்ச் சொம்பைத் தூக்கினாள்.

"ஏய், கூழுல இல்ல! தண்ணி குடிச்சு முழுங்கு!" என்று டாக்டரம்மா போட்ட சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது.